புது பிளாக் கூகுளில் மேலே வர என்ன செய்யலாம்? (ஏற்காடு பற்றிய தமிழ்ப் பதிவுகள்)

நாகலூர்_காப்பி (ஏற்காடு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு நாகலூர் பக்கம் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். பொங்கல் சமயத்தில் ஏற்காடு பற்றித் தமிழில் ஒரு பிளாக் ஆரம்பித்தேன். பிளாகரில்தான் இருக்கிறது, சொந்தமாக டொமைன் வாங்கி இணைத்திருக்கிறேன். ஏரி, கிளியூர் அருவி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், காப்பி, மிளகு என்று வாரம் தவறாமல் எழுதி வருகிறேன். ஆனால் கூகுளில் "ஏற்காடு" என்று தேடினால் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டே போனாலும் என் பிளாக் கண்ணில் படவில்லை. "ஏற்காடு சுற்றுலா" என்று போட்டாலும் அப்படித்தான். பிளாக் பெயரை அப்படியே அடித்தால் மட்டும் வருகிறது.

இதற்கிடையில் ஒருவர் போன் செய்து, மாதாமாதம் பணம் கட்டினால் ஒரே மாதத்தில் முதல் பக்கம், அதற்கு உத்தரவாதம் என்கிறார். வீட்டில் கட்டித்தான் பார்ப்போமே என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கீவேர்ட் ரேங்க் (ஒரு சொல்லைத் தேடினால் நம் பக்கம் எத்தனையாவதாக வருகிறது என்பது) ஏற நாமே என்னென்ன செய்யலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துரோடு_வெப் (சேலம்) எழுதியது:

வணக்கம்ங்க. முதலில் அந்தப் போன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அப்புறம் இன்னொருவர் என்ன உத்தரவாதம் கொடுப்பார்?

அடுத்தது, ரேங்க் வரவில்லை என்பது ஒரு பிரச்சினை, கூகுளின் பட்டியலிலேயே ஏறவில்லை என்பது வேறு பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு. உங்களுக்கு எது என்று முதலில் தெரிய வேண்டும். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைப் போடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் பட்டியலில் இருக்கின்றன என்று பொருள். இது தோராயமான சோதனைதான். சரியான விவரம் சர்ச் கன்சோலில் கிடைக்கும், நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டுகிற கருவி அது. அது இலவசம். இன்னும் இணைக்கவில்லை என்றால் இன்றைக்கே இணைத்துவிடுங்கள். இணைத்த நாளிலிருந்துதான் எல்லா விவரமும் ஒழுங்காகச் சேரும், 16 மாதக் கணக்கைத் திரும்பிப் பார்க்கலாம்.

பிளாகர் செட்டிங்ஸில் தேடுபொறிகளுக்குத் தெரிய வேண்டுமா என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அணைந்திருந்தால் எவ்வளவு எழுதினாலும் பயன் இல்லை.

இன்னொன்று, உங்கள் போனில் நீங்களே தேடிப் பார்த்து ரேங்க் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊர், முன்பு தேடியது எல்லாவற்றையும் வைத்து முடிவுகள் மாறும். ஏற்காட்டில் உட்கார்ந்து தேடும்போது வருவதும் சென்னையில் ஒருவர் தேடும்போது வருவதும் ஒன்றாக இருக்காது. சர்ச் கன்சோலில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து, எந்தெந்தச் சொல்லுக்கு எத்தனை முறை காட்டியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரி இடம் எது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

கருப்பூர்_மாணவன் (சேலம்) எழுதியது:

அக்கா, பதிவு போடும் பக்கத்தில் 'லேபிள்' பெட்டி இருக்கும் இல்லையா, அதில் ஏற்காடு, ஏற்காடு சுற்றுலா, ஏற்காடு ஹோட்டல் என்று நிறையக் கீவேர்ட் சேர்த்தால் ஏறும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மெட்டா கீவேர்ட்ஸ் என்றும் ஒன்று இருக்கிறதாம், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துக்குள் எழுதி வைக்கிற சொற்பட்டியல்.

ஐந்துரோடு_வெப் எழுதியது:

தம்பி, மெட்டா கீவேர்ட்ஸ் குறிப்பைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. வீடியோக்களில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லேபிள் என்பது வாசகர் அதே வகைப் பதிவுகளைத் தேடிப் போவதற்கு. காப்பி, வழித்தடம், அருவி என்று நாலைந்து இருந்தால் போதும். பதிவுக்குப் பத்து லேபிள் போட்டால் ஒரே பதிவைக் காட்டும் வெற்றுப் பட்டியல் பக்கங்கள்தான் பெருகும்.

நாகலூர்_காப்பி எழுதியது:

அண்ணா, சர்ச் கன்சோல் ஏற்கெனவே இணைத்துத்தான் இருந்தது, திறந்து பார்த்ததே இல்லை. பொத்தானும் சரியாக இருக்கிறது. பார்த்ததை எழுதுகிறேன்.

பாதிப் பக்கங்கள்தான் பட்டியலில் இருக்கின்றன. மீதியில் சிலவற்றுக்கு 'டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றும், சிலவற்றுக்கு 'கிராவ்ல்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றும் காட்டுகிறது. "ஏற்காட்டில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்" என்ற பதிவு இரண்டாவது வகையில் கிடக்கிறது. அதற்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன்.

தேடிய சொற்களில் "ஏற்காடு" கிடையாது. இருப்பது இவைதான்: "குப்பனூர் வழி ஏற்காடு ரோடு" சராசரி இடம் 14. "காப்பி பழம் காய வைப்பது எப்படி" இடம் 22. "ஏற்காடு காப்பி பூ எப்போது பூக்கும்" இடம் 11. இதெல்லாம் யார் தேடுகிறார்கள் என்றே புரியவில்லை. காட்டியதும் கொஞ்சம் தடவைதான்.

ஐந்துரோடு_வெப் எழுதியது:

நல்ல விவரம் கொடுத்தீர்கள். கையில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

'டிஸ்கவர்டு' என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. புது பிளாக்குக்கு இது சகஜம். அந்தப் பதிவுகளுக்கு உங்கள் மற்றப் பதிவுகளிலிருந்து இணைப்பு கொடுத்தால் சீக்கிரம் வரும். 'கிராவ்ல்டு' என்றால் வந்து படித்தது, ஆனால் பட்டியலில் சேர்க்கவில்லை. இதைத்தான் யோசிக்க வேண்டும். பத்து இடங்கள் பதிவை நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருந்தாலும் அதே ஏரி, அதே லேடீஸ் சீட், அதே பகோடா பாயின்ட் பற்றி ஏற்கெனவே கணக்கில்லாமல் பக்கங்கள் இருக்கின்றன. பெரிய பயணத் தளங்கள், ஓட்டல் பதிவு செய்கிற தளங்கள், சுற்றுலாத்துறை, விக்கிப்பீடியா எல்லாமே அந்தச் சொல்லுக்கு வரிசையில் நிற்கின்றன. "ஏற்காடு" என்று ஒற்றைச் சொல்லை அடிப்பவருக்கு என்ன வேண்டும் என்றும் தெரியாது. வானிலையா, ரூமா, மேப்பா, படமா? அந்தச் சொல்லை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு வந்திருக்கிற மூன்று சொற்களையும் பாருங்கள். மூன்றும் மலையில் இருக்கிறவருக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயம். கூகுள் உங்களைச் சோதித்துப் பார்க்கிற இடம் அதுதான். 11, 14 என்றால் முதல் பக்கத்தின் வாசலில் நிற்கிறீர்கள். அந்தப் பதிவுகளை எடுத்து முழுமையாக்குங்கள்.

ஏற்காட்டுக்கு ஏறுகிற இன்னொரு வழியான குப்பனூர் ரோடு பற்றிய பதிவையே எடுத்துக்கொள்வோம். தேடுகிறவர் யார்? அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகப் பயப்படுகிற புது டிரைவர். அல்லது மழையில் மெயின் ரோட்டில் மண் சரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வேறு வழி பார்க்கிறவர். அல்லது ஆத்தூர் பக்கமிருந்து வருகிறவர், எதற்குச் சேலம் ஊருக்குள் போய்ச் சுற்ற வேண்டும் என்று நினைக்கிறார். கோடை விழா நாட்களில் ஏறுவது ஒரு வழி, இறங்குவது ஒரு வழி என்று மாற்றி விடுவதும் உண்டு, அப்போது எல்லோருமே தேடுவார்கள். இவர்களுக்கு என்ன வேண்டும்? எங்கே திரும்ப வேண்டும், ரோடு எவ்வளவு அகலம், எதிரில் பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா, கொட்டச்சேடு பக்கம் பெட்ரோல் கிடைக்குமா, சிக்னல் எங்கே போகும், இருட்டிய பிறகு போகலாமா. இவ்வளவுக்கும் உங்களால் பதில் சொல்ல முடியும். சென்னையிலோ டெல்லியிலோ இருந்து எழுதுகிற எந்தத் தளத்தாலும் முடியாது.

உங்கள் பதிவைப் படித்தேன். முதல் மூன்று பத்தியும் இயற்கை அழகு. ரோடு நான்காவது பத்தியில்தான் வருகிறது. திருப்பிப் போடுங்கள். முதல் இரண்டு வரியிலேயே கார் போகுமா, எவ்வளவு நேரம் ஆகும், யாருக்கு இந்த வழி நல்லது என்று சொல்லிவிடுங்கள். தலைப்பு "மலைப்பாதையில் ஒரு பயணம்" என்று இருக்கிறது. அதை யாரும் தேடப் போவதில்லை. "குப்பனூர் வழியாக ஏற்காடு: ரோடு எப்படி இருக்கிறது?" என்று வைக்கலாம். தமிழ் எழுத்து அகலம் அதிகம், போனில் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். அதனால் ஊர்ப் பெயர் முன்னால் வரட்டும்.

லீபஜார்_மண்டி (சேலம்) எழுதியது:

ஐந்துரோடு அண்ணன் சொல்வது நல்லதுதான். ஆனால் எழுத்து மட்டும் போதுமா? நான் மஞ்சள், கடலை வியாபாரத்துக்குத் தளம் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து இணைப்பு இல்லாவிட்டால் கூகுள் மதிக்காது என்பதுதான் நான் பார்த்தது. ஐந்நூறு பேக்லிங்க் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். புது பிளாக்குக்கு ஒரு தள்ளு வேண்டும் இல்லையா? போட்டியாளர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள், நாம் மட்டும் சும்மா இருந்தால் எப்படி?

ஐந்துரோடு_வெப் எழுதியது:

இணைப்பு முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கூகுள் ஆரம்பித்ததே அந்த யோசனையில்தான். ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள் என்று எண்ணி மதிப்பிடுகிற பேஜ்ரேங்க் முறை அது. ஆனால் விலைக்கு வாங்குகிற இணைப்புகள் போன்ற தந்திரங்களைப் பிடிக்க 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். 2016-இல் அது முக்கியக் கணிப்பு முறையோடு சேர்ந்துவிட்டது. இன்றைக்குப் பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் தள்ளிவிடுவார்கள், காசு போனது போனதுதான். மோசமாகப் போனால் ஆட்கள் பார்த்து நடவடிக்கையும் எடுப்பார்கள். அப்போது சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' என்று வரும். அதிலிருந்து மீண்டு வருவது பெரும்பாடு. அந்த ஐந்நூறு இணைப்பும் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள் அண்ணா. எந்த நாட்டுச் சூதாட்டப் பக்கம், எந்த மருந்துப் பக்கம் என்றே தெரியாது. அதன் நடுவில் நம்ம ஊர் மஞ்சள் கடை இருக்கும். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நாகலூர் அக்காவுக்கு நிஜமான இணைப்பு எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களிடம் விருந்தாளிகள் வழி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். குப்பனூர் ரோடு பதிவு நன்றாக இருந்தால் அவர்கள் தங்கள் தளத்தில் "வருகிற வழி" பகுதியில் அதைச் சுட்டுவார்கள். காப்பிப் பொடி விற்கிற சின்னக் கம்பெனிகள் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் உலர்த்தும் பதிவைக் காட்டலாம். மலையேறுகிற சைக்கிள் குழுக்கள் இருக்கின்றன. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் சுட்டத் தகுந்த பதிவு முதலில் கையில் இருக்க வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் விருப்பப்பட்டுக் கொடுக்கிற ஒரு இணைப்பு அந்த ஐந்நூறைவிடப் பெரிது.

லீபஜார்_மண்டி எழுதியது:

காசு கொடுத்து விளம்பரமாகப் போட்டாலும் தப்பா? ஒரு செய்தித் தளத்தில் கேட்டிருக்கிறேன்.

ஐந்துரோடு_வெப் எழுதியது:

விளம்பரம் தப்பே இல்லை. அந்த இணைப்பில் 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்பு சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கென்றே 2019-இல் கொண்டுவந்தது. ரேங்குக்கு உதவாது, ஆனால் ஆள் வருவார்கள். மஞ்சள் விற்க அதுதானே வேண்டும்.

பழைய_பதிவர் (ஆத்தூர்) எழுதியது:

பல பிளாக்குகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி இருந்த காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று திரட்டி வழியாக ஆட்கள் வந்தார்கள், தேடுபொறியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்று நிலைமை அப்படி இல்லை. தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு, அவற்றைச் சொல்கிறேன்.

முகவரி. பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் அது எழுத்தை எல்லாம் விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று ஒரு எண்ணோடு முகவரி போட்டுவிடும். வெளியிடுவதற்கு முன்பே 'பெர்மாலிங்க்' பகுதியில் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே எழுதிவிடுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் நேர்மாறு. தமிழிலேயே முகவரி வரும், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். "ஏற்காடு" என்ற ஒரு சொல் மட்டும் 63 குறிகளாக விரியும். நீளமான தலைப்பு என்றால் முகவரி நடுவிலேயே வெட்டுப்பட்டு அர்த்தமில்லாமல் போகும். முகவரியை மாற்றுவதால் ரேங்க் ஏறிவிடாது, அதற்காக ஏற்கெனவே வெளிவந்த பதிவுகளைத் தொட வேண்டாம். பகிர்கிறவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

எழுத்து. தலைப்பையும் வழி விவரத்தையும் அழகான எழுத்துருவில் படமாகச் செய்து போடுகிறார்கள். தேடுபொறிக்கு அது எழுத்தாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. எழுத்தாகவே எழுதுங்கள். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் சேரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே போட வேண்டும்.

அப்புறம், நம் ஆட்கள் தேடுகிற விதம். ஒருவர் "ஏற்காடு" என்று தமிழில் அடிப்பார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் ஏற்காடு என்று எழுதி "போவது எப்படி" என்பதையும் ஆங்கில எழுத்திலேயே சேர்ப்பார். மைக்கை அழுத்தி "ஏற்காட்டுக்கு குப்பனூர் வழியா போலாமா" என்று பேசுகிறவர்கள் நாளுக்கு நாள் கூடுகிறார்கள். காபி என்கிறவர், காப்பி என்கிறவர் இருவரும் உண்டு. இதற்காக எல்லா வடிவத்தையும் ஒரே வரியில் கொட்ட வேண்டாம், படிக்கவே சகிக்காது. பேச்சு வழக்கில் ஒருவர் கேட்கிற மாதிரி உள்தலைப்புகள் வையுங்கள். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்து வடிவம் பதிவில் ஓரிடத்தில் இயல்பாக வந்தால் போதும். ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு, ஏற்காட்டிலிருந்து என்று வேற்றுமை மாறுவதைத் தமிழ் தெரிந்தவர் எழுதுவது போலவே எழுதுங்கள். கீவேர்டை உடைக்கக் கூடாது என்று "ஏற்காடு செல்ல ஏற்காடு பேருந்து ஏற்காடு" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தத் தமிழை நம் பிள்ளைகள் படிக்க வேண்டுமா?

தமிழில் எழுதுவதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் சேலம் என்று போட்டால் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஒரு சேலம், ஓரிகன் மாநிலத்தின் தலைநகராக ஒரு சேலம், அவையும் சேர்ந்து போட்டிக்கு வரும். தமிழில் சேலம் என்றால் நம்ம சேலம்தான்.

அம்மாபேட்டை_நெசவு (சேலம்) எழுதியது:

பழைய பதிவர் ஐயா சொன்னதையே என் விஷயத்துக்கும் கேட்கிறேன். வீட்டில் தறி இருக்கிறது. வெண்பட்டு வேட்டி பற்றிப் பதிவு எழுதுகிறேன். "சேலம் வெண்பட்டு" என்றே எல்லாத் தலைப்பிலும் வைக்கிறேன். புவிசார் குறியீடு வாங்கிய பொருள், நல்ல பெயர். ஆனால் ஆளே வருவதில்லை.

பழைய_பதிவர் எழுதியது:

தம்பி, வெண்பட்டு என்று சொல்கிறவர் நெசவாளியும் வியாபாரியும். கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கிறவர் "பட்டு வேட்டி விலை", "மாப்பிள்ளை பட்டு வேட்டி", "ஒரிஜினல் பட்டா என்று கண்டுபிடிப்பது எப்படி" என்றுதான் கேட்பார். தேடல் பெட்டியில் "பட்டு வேட்டி" வரைக்கும் அடித்து நிறுத்துங்கள், கீழே கூகுளே என்னென்ன காட்டுகிறது என்று பாருங்கள். அவை ஆட்கள் நிஜமாகத் தேடுகிற சொற்கள். கீவேர்ட் கருவிகளில் தமிழ்ச் சொற்களுக்குப் பெரும்பாலும் வெறுமையாகக் காட்டும், அதை நம்பி ஒரு சொல்லை ஒதுக்கிவிடாதீர்கள்.

கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வியை எடுத்து, பாவு நூல் ஒன்றை உருவி எரித்துக் காட்டுங்கள். பட்டு எரிந்தால் முடி கருகின வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூல் உருகிக் கட்டியாகும். அந்த விரலைப் படம் எடுத்துப் போடுங்கள். வெண்பட்டு என்ற பெயர் அந்தப் பதிவுக்குள் தானாக வரும்.

கருப்பூர்_மாணவன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். ஏஐயிடம் சொன்னால் சேலத்தில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பதிவு வீதம் ஒரே ராத்திரியில் நூறு பதிவு எழுதித் தருகிறது. அதைப் போட்டால் ஏதாவது பத்தாவது மேலே வராதா?

ஐந்துரோடு_வெப் எழுதியது:

வேண்டாம் தம்பி. 2024 மார்ச்சில் கூகுள் இதற்கென்றே ஒரு விதி சேர்த்தது. ரேங்க் பிடிப்பதற்காக, படிப்பவருக்குப் பிரயோஜனம் இல்லாமல் மொத்தமாக உற்பத்தி செய்கிற பக்கங்கள் ஸ்பாம் என்று. ஏஐ எழுதியதா, ஆள் எழுதியதா என்பது அங்கே கேள்வி இல்லை. எழுத்துப் பிழை பார்க்க, பத்தி ஒழுங்கு செய்ய ஏஐயைப் பயன்படுத்துங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் கொட்டச்சேட்டில் நேற்று மழை பெய்ததா என்று அதற்குத் தெரியாது. தெரியாததையும் தெரிந்த மாதிரி எழுதும். அதை நம்பி ஒருவர் குழந்தைகளோடு ராத்திரியில் அந்த ரோட்டில் ஏறினால் யார் பொறுப்பு?

எழுதுகிறவரின் நேரடி அனுபவத்தை 2022 டிசம்பரில் தங்கள் தர மதிப்பீட்டு வழிகாட்டியிலேயே தனியாகச் சேர்த்தார்கள். நாகலூர் அக்காவுக்கு அது நிறைய இருக்கிறது. பதிவில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நாகலூர்_காப்பி எழுதியது:

சொன்னபடி மூன்று பதிவையும் மாற்றி எழுதினேன். உலர்த்தும் பதிவிலிருந்து ஒரு பகுதியை இங்கே போடுகிறேன், சரியாக இருக்கிறதா பாருங்கள்.

"பறித்த பழத்தை அன்றைக்கே களத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். மூட்டையில் ஒரு ராத்திரி கிடந்தாலே சூடேறிப் புளித்த வாடை பிடித்துவிடும். அந்த வாடை பொடியிலும் போகாது. தடிமனாகக் குவியக் கூடாது, பழத்தின் மேல் பழம் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். வெயில் இருக்கும்வரை மரத் துழாவியால் வரி வரியாக இழுத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்காட்டில் சாயங்காலப் பனி சீக்கிரம் இறங்கும், அதற்கு முன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். பழம் சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பாகி, அப்புறம் கறுத்துச் சுருங்கும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிக் காதருகில் குலுக்குங்கள். உள்ளே கொட்டை தனியாக ஆடி கலகலவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது."

ஒவ்வொரு நிலைக்கும் பழத்தின் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். ஆனால் பக்கம் திறக்க ரொம்ப நேரம் ஆகிறது.

ஐந்துரோடு_வெப் எழுதியது:

அருமையாக இருக்கிறது. குலுக்கிப் பார்ப்பதை உள்தலைப்பாகவே வையுங்கள்: "காப்பிப் பழம் காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது?"

படம்தான் பக்கத்தை இழுக்கிறது. போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் பல எம்பி. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற, கோப்பு அளவு குறைவான பட வடிவத்தில் சேமித்து ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் சொல்கிற அளவு. வேகத்தால் மட்டும் ரேங்க் ஏறாது. ஆனால் உங்கள் வாசகர் மலைப்பாதையில் சிக்னல் போய்ப் போய் வருகிற இடத்தில் நின்று திறப்பார், அவருக்காகச் செய்யுங்கள். கூகுளும் இப்போது போன் வடிவத்தை வைத்துத்தான் தளங்களைப் பட்டியலிடுகிறது, 2023-இல் அந்த மாற்றம் முடிந்தது. அதனால் எந்த மாற்றம் செய்தாலும் போனில் திறந்து பாருங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுகிற 'ஆல்ட்' பெட்டியில் "களத்தில் காயும் காப்பிப் பழம், மூன்றாம் நாள்" என்று இருப்பதை எழுதினால் போதும்.

இனி இந்த மூன்று பதிவையும் ஒன்றோடொன்று இணையுங்கள். "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல், "காப்பிப் பூ பூக்கும் மாதம்" என்று அந்தச் சொற்களையே இணைப்பாக்குங்கள். பிறகு சர்ச் கன்சோலில் முகவரியைப் போட்டு மறுபடி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் போதும், தினமும் கேட்பதால் சீக்கிரம் வராது.

நாகலூர்_காப்பி எழுதியது:

சில வாரம் கழித்து வருகிறேன். படங்களைச் சுருக்கினேன், இணைப்பும் கொடுத்தேன். "குப்பனூர் வழி ஏற்காடு" இப்போது 8. "காப்பி பழம் காய வைப்பது" 22-லிருந்து 9-க்கு வந்திருக்கிறது. "குப்பனூர் ரோட்டில் பஸ் போகுமா" என்று நான் எழுதவே இல்லாத கேள்விக்கெல்லாம் காட்டுகிறது. ஒரு ஹோம்ஸ்டேகாரர் தானாகவே வழிப் பதிவைத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். கொல்லிமலையிலிருந்து ஒருவர், தார்ப்பாய்க்குப் பதில் வலை போடலாமா என்று கருத்தில் கேட்டிருக்கிறார். அதைப் படித்தபோது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

"ஏற்காடு" என்ற சொல்லுக்கு இன்னும் வரவில்லை. காப்பிப் பூ பதிவு மட்டும் 11-லேயே நிற்கிறது.

பழைய_பதிவர் எழுதியது:

காப்பிப் பூ பருவத்துக்கு உரியது. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்த பிறகுதான் பூக்கும், தேடலும் அப்போதுதான் கூடும். இப்போது இடம் அசையாமல் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். போன வருஷம் அதே மாதத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும், உங்களுக்கு அடுத்த வருஷம்தான் அந்த வசதி வரும்.

கோடை விழாவும் அப்படியே. மே மாதம் விழா தொடங்கிய பிறகு எழுதினால் கூகுள் படித்துப் பட்டியலில் ஏற்றுவதற்குள் மலர்க் கண்காட்சி முடிந்துவிடும். பிப்ரவரியிலேயே பக்கத்தைத் தயார் செய்துவிடுங்கள். முகவரியில் வருஷத்தைப் போடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் அதே பக்கத்தில் தேதியையும் பஸ் விவரத்தையும் புதுப்பித்தால் பழைய இணைப்புகளின் பலன் வீணாகாது.

நாகலூர்_காப்பி எழுதியது:

நன்றி ஐயா, செய்கிறேன். கடைசியாக ஒன்று. பத்து இடங்கள் பதிவு இன்னும் பட்டியலில் ஏறவில்லை. அழித்துவிடலாமா?

ஐந்துரோடு_வெப் எழுதியது:

அழிக்க வேண்டாம். அதில் கிளியூர் அருவி பற்றி நீங்கள் எழுதியிருக்கிற பத்தி நன்றாக இருக்கிறது. மழைக்குப் பிறகு எந்த மாதங்களில் தண்ணீர் இருக்கும், இறங்குகிற படிகள் வயதானவர்களுக்கு முடியுமா என்று இரண்டும் வேறெங்கும் ஒழுங்காக இல்லை. அதை எடுத்துத் தனிப் பதிவாக விரித்து எழுதுங்கள். மீதி ஒன்பது இடங்களில் எதற்கெல்லாம் உங்களிடம் அப்படி நேரில் பார்த்த விவரம் இருக்கிறதோ அதற்கு மட்டும் தனிப் பதிவு. எல்லாம் தயாரான பிறகு, பத்து இடங்கள் பக்கத்தை அவற்றுக்கு வழிகாட்டுகிற சுருக்கமான பக்கமாக மாற்றுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வரி, கீழே இணைப்பு. முகவரி அதேதான் இருக்கட்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிளாகர் செட்டிங்ஸில் 'கஸ்டம் ரீடைரக்ட்' என்று இருக்கிறது, பழைய முகவரியையும் புது முகவரியையும் அதில் கொடுத்து, நிரந்தரம் என்பதை டிக் செய்துவிடுங்கள். கிளியூர் பதிவை முதலில் எழுதுங்கள், மழை சீசனுக்குள் பட்டியலில் ஏறிவிடும்.